கை தட்டாதீங்க சார்!

பள்ளிக்கரணையில் விடிகாலை. பூநாரைகள் பாட்டுக்கு மேய்கின்றன. கேமராக்காரருக்கு ‘பறக்குற ஷாட்’ வேணுமாம், கை தட்டுகிறார்!

தொழில்நுட்பமாகவும் இது மடத்தனம். அந்த மங்கல் வெளிச்சத்தில், பறக்கும் சிறகை அசங்காமல் பிடிக்க ஷட்டர் ஆயிரத்தில் ஒரு நொடிக்கும் வேகமாக ஓடணும். ஐஎஸ்ஓவை ஏற்றினால் படமெல்லாம் புள்ளி. நிற்கிற பறவைக்கு நூற்றில் ஒரு நொடியே பெரும்பாலும் போதும்.

கொசு உள்ளானைப் பாருங்கள். சுமார் 25 கிராம். ஆர்க்டிக் பக்கம் முட்டையிட்டுவிட்டு இங்கே வருகிறது. திரும்பிப் போக, உடம்புக் கொழுப்புதான் அதன் பேங்க் பேலன்ஸ். (பி.காம். புத்தி, மன்னிக்கவும்.) நீங்கள் விரட்டும்போதெல்லாம் அதிலிருந்துதான் செலவு.

2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த சதுப்பு நிலம் இது. ஒரு பக்கம் குப்பைமேடு, இன்னொரு பக்கம் ஐ.டி. கட்டடம். நடுவுல நீங்களுமா? சூரியனுக்கு முதுகு காட்டி, கரையிலேயே குந்துங்க சார். மேய்ஞ்சுக்கிட்டே அதுவா கிட்ட வரும்.