எம்.இ. மேனுஃபாக்சரிங் சிஸ்டம்ஸ்: சேருங்கள், ஆனால் ரெண்டு வருஷம் கழித்து



வருஷா வருஷம் ரிசல்ட் நேரத்தில் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே கேள்விதான். "சார், பையன் பி.இ. மெக்கானிக்கல் முடிச்சிட்டான். கேம்பஸ்ல எதுவும் அமையல. சும்மா இருக்கிறதுக்கு எம்.இ. மேனுஃபாக்சரிங் சிஸ்டம்ஸ் சேர்த்துடலாமா?" பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் பாடம் எடுத்தவன் என்பதால் என்னைக் கேட்கிறீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே ஒரே தடவையில் எழுதிவிடுகிறேன்.

படிப்பு அருமையான படிப்பு. ஆனால் சும்மா இருக்கிறதுக்குப் படிக்கிற படிப்பு இல்லை. முதலில் ரெண்டு வருஷம் ஒரு தொழிற்சாலையில் நின்றுவிட்டு வரட்டும். அப்புறம் சேரட்டும்.

காரணம் சொல்கிறேன். பெயரைப் பார்த்து இது மெஷின் படிப்பு என்று நினைக்கிறோம். லேத், மில்லிங், சிஎன்சி எல்லாம் டிப்ளமோவிலும் பி.இ.யிலுமே வந்துவிடுகிறது. இந்த முதுநிலைப் படிப்பு பெரும்பாலும் மெஷினுக்கும் மெஷினுக்கும் நடுவில் நடப்பதைப் பற்றியது. ஒரு பீஸ் மெஷினில் ஏறி இறங்க ஆகும் நேரம் சில நிமிடம்தான். அடுத்த மெஷினுக்காகத் தரையில் காத்துக்கிடப்பதோ நாள் கணக்கில். அந்தக் காத்திருப்பை எப்படிக் குறைப்பது, எந்த ஆர்டரை முதலில் ஏற்றுவது, ஸ்டாக் எவ்வளவு வைப்பது, ரிஜெக்‌ஷன் எங்கே பிறக்கிறது? இதற்காகத்தான் புள்ளியியல், ஆபரேஷன்ஸ் ரிசர்ச், சிமுலேஷன், ஆட்டோமேஷன் எல்லாம் படிக்கிறார்கள்.

ஒரு சின்னக் கணக்கு. ரேஷன் கடை வரிசையில் 60 பேர் நிற்கிறார்கள். மணிக்கு 20 பேருக்குத்தான் பில் போடுகிறார்கள். கடைசியில் வந்து நிற்பவருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? 3 மணி நேரம். இதையே ஜான் லிட்டில் என்பவர் 1961இல் கணித முறைப்படி நிரூபித்தார். லிட்டில் விதி என்று பெயர். உள்ளே இருக்கும் எண்ணிக்கை = வெளியேறும் வேகம் × தங்கும் நேரம். ஒரு பட்டறைத் தரையில் அரைகுறையாக 600 பீஸ் கிடக்கிறது, நாளைக்கு 60 வெளியே போகிறது என்றால், ஒரு பீஸ் சராசரியாக 10 நாள் உள்ளே கிடக்கிறது. முதலாளி கடன் வாங்கி வேகமான புது மெஷின் இறக்குகிறார். அடைப்பு அந்த இடத்தில் இல்லையென்றால், குவியல் அடுத்த மெஷின் வாசலுக்கு நகரும். அவ்வளவுதான்.

இந்தச் சூத்திரத்தை ஐந்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். ஆனால் அந்த 600 பீஸ் ஏன் அங்கே கிடக்கிறது என்ற கேள்வி, அங்கே நின்றவனுக்குத்தான் வரும்.

என்னிடம் டிப்ளமோ படித்த இருவர் பின்னால் எம்.இ. முடித்தார்கள். ஒருவர் பி.இ. முடித்த கையோடு சேர்ந்தார். சிமுலேஷனில் ஒரு தொழிற்சாலையை உருவாக்கி ப்ராஜெக்ட் செய்தார். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தத் தொழிற்சாலையில் யாருக்கும் காய்ச்சல் வரவில்லை. யாரும் காதுகுத்துக்கு லீவு போடவில்லை. கரண்ட் போகவில்லை. இன்னொருவர் நான்கு வருஷம் பம்ப் பாகங்கள் செய்யும் இடத்தில் ஷிப்ட் பார்த்துவிட்டுச் சேர்ந்தார். எல்லா பீஸும் ஒரே ஒரு இன்ஸ்பெக்‌ஷன் மேஜை முன்னால் தேங்குவதை அவர் கண்ணால் பார்த்திருந்தார். ப்ராஜெக்டுக்கு அதையே எடுத்துக்கொண்டார். இரண்டு பேருக்கும் பாடத்திட்டம் ஒன்றுதான். கொண்டுவந்த கேள்விதான் வேறு.

லீன் மேனுஃபாக்சரிங் என்று இன்று பாடமாக இருப்பதன் வேர் ஜப்பானில் தைச்சி ஓனோ செய்த வேலையில் இருக்கிறது. 1932இல் டொயோடா குடும்பத்தின் நூற்பு, நெசவு ஆலையில் சேர்ந்தவர் அவர். 1943இல் கார் கம்பெனிக்கு வந்தார். அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில் அலமாரியிலிருந்து எடுத்த அளவுக்குத்தான் திரும்ப நிரப்புவார்கள் என்பதைக் கவனித்து, அதையே உற்பத்திக்குக் கொண்டுவந்தார். கான்பான் என்கிறோமே, அதுதான். ஷாப் ஃப்ளோரில் நின்று பார்த்தது முதலில். பாடப்புத்தகம் அப்புறம்தான் வந்தது.

இனி உங்கள் ஆட்சேபணைகள்.

"சம்பளம் வாங்க ஆரம்பிச்சா திரும்பப் படிக்க வரமாட்டான்." சிலர் வரமாட்டார்கள்தான். வேலையிலேயே நன்றாக வளர்கிறான் என்றால் அதில் என்ன நஷ்டம்? ஃபீஸ் மிச்சம்.

"இந்தச் சம்பளத்துக்கா பி.இ. படிக்க வெச்சோம்?" நியாயமான ஆதங்கம். ஆனால் வேலை கிடைக்காததற்கு மருந்தாக எம்.இ. படித்தால், ரெண்டு வருஷம் கழித்து அதே வரிசையில், வயது மட்டும் கூடிப்போய் நிற்க வேண்டியிருக்கும். அதிலும் வீட்டை அடமானம் வைத்து வெளிநாடு அனுப்புகிறவர்கள் பத்து தடவை யோசியுங்கள். அங்கேயும் முதலில் கேட்பது, என்ன வேலை பார்த்தாய் என்பதைத்தான்.

"பொண்ணை ரெண்டு வருஷம் வேலைக்கு அனுப்பினா, அப்புறம் கல்யாணம்தான், படிப்பு நின்னுடும்." இதில் தடை நம் வீட்டுக்குள்தான் இருக்கிறது. பையனுக்கு ஒரு நியாயம், பெண்ணுக்கு ஒரு நியாயம் வேண்டாம்.

ஒரு நல்ல வழியும் இருக்கிறது. கேட் தேர்வு மதிப்பெண் 3 வருஷம் செல்லும். கடைசி வருஷத்திலேயே எழுதச் சொல்லுங்கள். ரெண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு அதே மதிப்பெண்ணில் சேரலாம். கேட் வழியாகச் சேரும் முழுநேர மாணவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. 24 மாதத்துக்கு 2,97,600 ரூபாய். யாரிடமும் கை நீட்ட வேண்டாம்.

விதிவிலக்கும் உண்டு. ஆராய்ச்சிக்குத்தான் போவேன் என்று தெளிவாக இருக்கும் பிள்ளைகள் நேராகச் சேரலாம். அப்பாவின் பட்டறையிலேயே வளர்ந்த பிள்ளைகளும் அப்படித்தான். அவர்கள் ஏற்கெனவே நின்று பார்த்தவர்கள்.

கல்லூரி பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். போன வருஷத்து மாணவர்கள் எந்தெந்தத் தொழிற்சாலையில் ப்ராஜெக்ட் செய்தார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாகக் கீழே எழுதுங்கள். ஓசூரிலும் ஒரகடத்திலும் கோவையிலும் ஆள் எடுக்கும் இடத்தில் இருக்கும் என் மாணவர்கள், நீங்கள் பார்த்ததையும் சொல்லுங்கள். உங்களுக்குப் பின்னால் வரும் பிள்ளைகள் படிப்பார்கள்.