இணையத் தொழிலையும் மீஸானிலிருந்தே தொடங்குவோம்

 

சென்ற ரமளானுக்குச் சில வாரங்கள் முன்பு, கோவளத்தைச் சேர்ந்த நம் பழைய மாணவர் ஒருவர் நம்மைக் காண வந்தார். ஹிஃப்ழு முடித்தவர். இணையதளம் உருவாக்கும் தொழிலை ஒரு பயிற்சி நிலையத்தில் ஆறு மாதம் கற்று, சான்றிதழும் பெற்றிருந்தார். நம் பள்ளிவாசலின் ஜும்ஆ அறிவிப்பை ஓர் இணையப் பக்கமாக எழுதித் தரும்படி கேட்டோம். ரியாக்ட் வேண்டும், இன்னின்ன கருவிகள் வேண்டும் என்றாரே தவிர, வெறும் எச்.டி.எம்.எல். கொண்டு ஒரு பக்கத்தை எழுத அவரால் இயலவில்லை. கட்டணத்திற்காக அவருடைய தாயார் கழுத்துச் சங்கிலியை வட்டிக்கு அடகு வைத்திருந்தார் என்பதைப் பின்னரே அறிந்தோம். அப்படிப்பில் சேரும்படி சொன்னவர் வேறு யாருமல்லர், நாமே. அந்தப் பொறுப்பை உணர்ந்தே இதை எழுதுகிறோம்.

முதலில் ஓர் உண்மை. இத்தொழிலின் கருவிகளுக்கு விலை இல்லை. உலகளாவிய வலையின் அடிப்படை மென்பொருளை செர்ன் ஆய்வகம் 1993 ஏப்ரல் 30 அன்று அனைவருக்கும் பொதுவாக்கியது. லினக்ஸ், பி.எச்.பி., 2003இல் வெளிவந்த வேர்ட்பிரஸ், 2013இல் வெளிவந்த ரியாக்ட் ஆகிய அனைத்தும் திறந்த மூல மென்பொருள்களே. பூட்டுடைத்த களவுப் பிரதிகளை நிறுவிக்கொண்டு, 'எல்லோரும் செய்வதுதானே' என்று கூறும் நம் இளைஞர்களுக்கு ஹலாலான வழி இவ்வளவு விரிவாகத் திறந்து கிடக்கிறது.

இவற்றுள் ஜி.பி.எல். உரிமம் நம் சிந்தனைக்குரியது. 1989இல் வெளியான அவ்வுரிமத்தின்படி, ஒரு மென்பொருளை மாற்றிப் பிறருக்கு வழங்குபவர், தாம் பெற்ற அதே உரிமைகளை அவருக்கும் வழங்க வேண்டும். இது நமக்கு வக்ஃபை நினைவூட்டுகிறது. ஒப்புமை முழுமையானதன்று, வக்ஃபுச் சொத்தை விற்கலாகாது, இம்மென்பொருளை விற்கத் தடையில்லை. ஆயினும், பொதுவில் வைத்த நன்மையைத் தனியொருவர் அடைத்துக்கொள்ளக் கூடாது என்னும் நோக்கம் இரண்டிலும் உண்டு.

அவ்வாறாயின் எப்படிக் கற்பது? மதரஸாவில் நாம் கற்ற முறையே சிறந்தது என்பது நம் கருத்து. முதலாண்டு மாணவனிடம் காஃபியாவைக் கொடுப்பாருண்டோ? மீஸான், நஹ்வு மீர், ஹிதாயதுந் நஹ்வு என்று படிப்படியாகவே அவனை அழைத்துச் செல்கிறோம். இங்கும் எச்.டி.எம்.எல். முதற்படி, சி.எஸ்.எஸ். இரண்டாவது, ஜாவாஸ்கிரிப்ட் மூன்றாவது. ரியாக்ட் போன்றவை அதன் பின்னரே. 2006இல் ஜேகுவரி, 2010இல் ஆங்குலர், 2013இல் ரியாக்ட், 2014இல் வியூ என்று மேற்கருவிகள் மாறிக்கொண்டே வந்துள்ளன. அடிப்படையை அறிந்தவருக்கு இம்மாற்றம் சுமையன்று.

'நிறுவனங்கள் ரியாக்டைத்தானே கேட்கின்றன?' எனச் சிலர் வினவலாம். உண்மைதான், அதைக் கற்க வேண்டாம் என்று நாம் கூறவில்லை. அதன் இடத்தில் வைத்துக் கற்க வேண்டும் என்றே கூறுகிறோம்.

பயிற்சிக்குரிய வேலைகளும் நம் பள்ளிவாசலிலேயே உள்ளன. ஜும்ஆ அறிவிப்பை எழுதினால் எச்.டி.எம்.எல். படியும். அதில் தமிழ் இடமிருந்தும் அரபி வலமிருந்தும் செல்லுமாறு அமைத்தால், ஒரு பக்கத்தில் மொழியையும் திசையையும் குறிக்கும் முறை விளங்கும். பிறகு தொழுகை நேர அட்டவணை. 'அதான்' என்னும் திறந்த மூல நிரல் தொகுப்பு ஜாவாஸ்கிரிப்டில் கிடைக்கிறது. அஸ்ருக்கு நிழல் ஒரு மடங்கா, இரு மடங்கா எனும் ஷாஃபிஈ, ஹனஃபி வேறுபாட்டையும் அதில் தெரிவு செய்யலாம். செங்கல்பட்டிற்கும் மாமல்லபுரத்திற்கும் தீர்க்கரேகையில் ஏறத்தாழ 0.2 பாகையே வேறுபாடு. பாகைக்கு 4 நிமிடம் என்பதால் நேர வேறுபாடு ஒரு நிமிடத்திற்கும் குறைவு. கிடைத்த விடையைப் பள்ளிச் சுவரில் தொங்கும் அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் மாணவன், ஃபிக்ஹையும் கணக்கையும் நிரலையும் ஒருங்கே கற்கிறான்.

அடுத்து கிட். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய இக்கருவி, யார், எப்போது, எதை மாற்றினார் என்பதைப் பதிவு செய்கிறது. ஒவ்வொரு பதிவும் தனக்கு முந்தைய பதிவின் அடையாளத்தைச் சுமந்திருப்பதால், பழையதொன்றைத் திருத்தினால் அதன்பின் வந்த அனைத்தின் அடையாளமும் மாறிவிடும். இஸ்னாது படித்த மாணவருக்கு இதை விளக்க நீண்ட நேரம் ஆகாது.

பாடத்திற்கு முன் முதாலஆ, பின் தக்ரார் என்னும் நம் வழக்கத்தையும் விடலாகாது. காணொளியைப் பார்ப்பது கற்றலாகாது. அதை மூடிவிட்டு, பார்க்காமல் தானே எழுத வேண்டும். எழுதியதைத் தோழனுக்கு விளக்க வேண்டும். ஆங்கிலம் தடையாக இருப்போர்க்கு, 2012 முதல் வெளிவரும் கணியம் இதழில் எளிய தமிழில் கட்டுரைகளும் நூல்களும் உள்ளன. ஆங்கிலம் கூடியபின் மொசில்லாவின் எம்.டி.என். ஆவணங்களைக் கிதாபாகக் கொள்ளலாம். தனியே படிப்பவர் தளர்ந்துவிடுவார்; ஆதலால் காஞ்சி லினக்ஸ் பயனர் குழு போன்ற தமிழ்க் குழுக்களின் உரையாடல்களில் அமர்வது நன்று.

'ஆலிமாக வேண்டியவனுக்கு இது எதற்கு?' என்னும் கவலையை நாம் மதிக்கிறோம். சபக்கின் நேரத்தை இதற்குக் கொடுக்கச் சொல்லவில்லை. வாரத்தில் ஒரு நாள், அஸ்ருக்கும் மஃரிபுக்கும் இடையிலான நேரம் போதும். ஹலாலான கைத்தொழிலொன்று கையிலிருந்தால், நாளை இமாமாக நிற்பவர் எவர் முகத்தையும் நோக்காமல் உண்மையை உரைக்கலாம்.

அம்மாணவர் இப்போது மீஸானிலிருந்து தொடங்கியுள்ளார். ஜும்ஆ அறிவிப்புப் பக்கத்தைத் தம் கையாலேயே எழுதி முடித்தார். அவருடைய தாயாரின் சங்கிலியை வட்டியிலிருந்து மீட்க, பைத்துல்மாலிலிருந்து கர்ளன் ஹஸனா வழங்குமாறு ஜமாஅத்தாரிடம் கேட்டுள்ளோம். தவறான வழியைக் காட்டிய நாமும் அதில் நம் பங்கைச் செலுத்துவோம், இன்ஷா அல்லாஹ். பிள்ளையை எந்தப் படிப்பிலும் சேர்க்கும் முன், கட்டணமின்றி இதைக் கற்க வழியுண்டா என்று ஒருமுறை விசாரியுங்கள்.

அல்லாஹ் நமக்குப் பயனுள்ள கல்வியையும் தூய்மையான வாழ்வாதாரத்தையும் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.