சரக்கு ரயிலில் ஒரு வண்ண எஞ்சின்: எங்கே என்று உடனே தெரிய வேண்டுமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவரிடம் "இதை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். கடிதம் டைப் செய்ய, பிள்ளைகள் படிக்க, ஈமெயில் பார்க்க என்று பதில் வரும். அமெரிக்காவில் ஒரு கூட்டம் இருக்கிறது. வீட்டுக் கம்ப்யூட்டரை வைத்துக் கொண்டு அவர்கள் ரயில் எஞ்சினைத் தேடுகிறார்கள். பயணிகள் ரயில் எஞ்சின் கூட இல்லை. கூட்ஸ் வண்டி எஞ்சின்!

விஷயம் இதுதான். நார்போக் சதர்ன் என்ற அமெரிக்க ரயில்வே கம்பெனி 1982ல் உருவானது. அதன் 30 ஆண்டு நிறைவுக்காக 2012ல் 20 புதிய டீசல் எஞ்சின்களுக்கு, காலப்போக்கில் தன்னுடன் கலந்து மறைந்து போன பழைய கம்பெனிகளின் வண்ணங்களைப் பூசியது. 8102 என்ற எண்ணுள்ள எஞ்சினுக்குப் பென்சில்வேனியா ரயில்ரோடின் கருஞ்சிவப்பும் தங்க நிறக் கோடுகளும் கிடைத்தன. 1070க்கு வாபாஷ் கம்பெனியின் நீலம். 2012 ஜூலை முதல் வாரத்தில் வட கரோலினா மாநிலத்தின் ஸ்பென்சர் ஊரில் உள்ள போக்குவரத்து மியூசியத்தில் 20 எஞ்சின்களையும் ஒன்றாக நிறுத்திக் குடும்பப் போட்டோ எடுத்தார்கள். அதன் பிறகு மியூசியத்திலேயே வைத்து விட்டார்களா? இல்லை. நிலக்கரியும் கன்டெய்னரும் இழுக்க அனுப்பி விட்டார்கள். இதற்கு முன்பே, 2005லும் 2006லும் யூனியன் பசிபிக் இப்படி ஆறு எஞ்சின்களை வெளியிட்டிருந்தது. சி.எஸ்.எக்ஸ். கம்பெனி 2023ல் தன் பழைய வண்ண வரிசையை ஆரம்பித்தது.

சரி, வண்ணம் பூசிய எஞ்சினைத் தேடுவதில் என்ன கஷ்டம்? கஷ்டம் நிறைய இருக்கிறது. சரக்கு ரயிலுக்குப் பொதுமக்கள் பார்க்கும் டைம்டேபிள் கிடையாது. ஒரு வண்டிக்கு இந்த எஞ்சின்தான் என்ற கணக்கும் கிடையாது. யார்டில் எது தயாராக இருக்கிறதோ அது போகும். அதோடு, ஒரு கம்பெனியின் எஞ்சின் அடுத்த கம்பெனியின் பாதையிலும் ஓடும். சிகாகோவில் வண்டியை ஒப்படைக்கும்போது எஞ்சினைக் கழற்றி மாட்டி நேரத்தை வீணாக்காமல் எஞ்சினோடு கொடுத்து விடுவார்கள். வாங்கியவர் அதைக் குதிரைத் திறன் மணி என்ற கணக்கில் திருப்பித் தர வேண்டும். 4,000 குதிரைத் திறன் உள்ள எஞ்சினை 10 மணி நேரம் வைத்திருந்தால் 40,000 கடன். அதைத் தன்னுடைய வேறு எஞ்சினைக் கொடுத்தும் அடைக்கலாம். நம் வீட்டுப் பெண்கள் பக்கத்து வீட்டில் சர்க்கரை கடன் வாங்கி, வேறு டம்ளரில் அளந்து கொடுப்பதில்லையா, அதே கதை! இதனால் கிழக்குக் கரையோரம் இருக்க வேண்டிய எஞ்சின் ஒருநாள் மேற்கே பாலைவனத்தில் நிற்கும்.

இன்னொன்று. ரசிகருக்கு எஞ்சின் வண்டியின் முன்னால் இருக்க வேண்டும். ஆனால் அமெரிக்கச் சரக்கு ரயில்களில் இரண்டு, மூன்று எஞ்சின் சேர்ந்து இழுக்கும். நடுவிலும் கடைசியிலும் கூட ரேடியோ மூலம் இயக்கப்படும் எஞ்சின் இருக்கும். நூறு மைல் கார் ஓட்டிப் போனால் வண்ண எஞ்சின் மூன்றாவதாக, பின்பக்கம் திரும்பிக் கொண்டு, அழுக்கோடு வரும். இவர்கள் பொறுமையை நான் பாராட்டுகிறேன்.

கம்பெனிக்கு மட்டும் எல்லாம் தெரியும். எப்படி? இது நம் பத்திரிகைக்கு ஏற்ற சமாச்சாரம், கொஞ்சம் விளக்கமாகவே பார்ப்போம். 1967ல் அமெரிக்க ரயில் கம்பெனிகள் ஒவ்வொரு வேகனிலும் வண்ணப் பட்டைகள் கொண்ட தகடு ஒட்ட ஆரம்பித்தன. கார்டிராக் என்று பெயர். கடையில் சோப்பு டப்பாவின் பார்கோடைப் படிப்பது போலத் தண்டவாளம் ஓரம் இருக்கும் கருவி இதைப் படிக்கும். யோசனை பிரமாதம்தான். ஆனால் வேகனில் அழுக்குப் படியும் என்பதை மறந்து விட்டார்கள்! ஐந்தில் ஒரு தகட்டைக் கருவியால் படிக்க முடியவில்லை. 1970களின் கடைசியில் திட்டத்தையே கைவிட்டார்கள். பிறகு 1990களில் ஆர்.எப்.ஐ.டி. டேக் வந்தது. எஞ்சின், வேகன் எல்லாவற்றிலும் இரண்டு பக்கமும் ஒன்று. தண்டவாளம் ஓரம் உள்ள ஆன்டெனா ரேடியோ அலை அனுப்ப, டேக் தன் எண்ணைத் திருப்பி அனுப்பும். அழுக்கு, மழை, இருட்டு எதுவும் தடையில்லை. இப்போது எஞ்சின்களில் ஜி.பி.எஸ். வேறு இருக்கிறது.

ஆக, 8102 இந்த நிமிடம் எங்கே என்பது எங்கோ ஒரு சர்வரில் தயாராக இருக்கிறது. ரசிகர்களுக்கோ அது கிடையாது. யாரோ பார்த்து, எழுதி அனுப்பிய தகவலைச் சேர்த்துத்தான் ஊகிக்க வேண்டும். "அந்தத் தகவலை அப்படியே வெப்சைட்டில் போட்டால் என்ன? டாக்சி எங்கே வருகிறது என்று பார்க்கிறோமே!" என்று சிலர் கேட்கிறார்கள். சாப்ட்வேர் எழுதிப் பிழைக்கும் எனக்கும் முதலில் அது நியாயமாகத்தான் பட்டது. புரோகிராம் எழுதுவது கஷ்டமே இல்லை. இருந்தாலும் போடக் கூடாது என்பதே இப்போது என் கட்சி.

முதல் காரணம் உயிர். 55 மைல் வேகத்தில் வரும் சரக்கு ரயில், எமர்ஜென்சி பிரேக் போட்டாலும் நிற்க ஒரு மைல், அதாவது 1.6 கிலோமீட்டருக்கு மேல் பிடிக்கலாம். எஞ்சினின் உடம்பு தண்டவாளத்தை விட இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட மூன்று அடி வெளியே நீட்டிக் கொண்டிருக்கும். கேமரா வழியாகப் பார்ப்பவருக்கு இந்தத் தூரம் சரியாகத் தெரியாது. 2024 ஜூன் 3 அன்று மெக்சிகோவின் இடால்கோ மாநிலத்தில், கனடாவிலிருந்து விழா ஓட்டமாக வந்த 2816 எண்ணுள்ள நீராவி எஞ்சினைப் பின்னணியாக வைத்துத் தன்னையே படம் எடுக்கக் குனிந்த ஓர் இளம்பெண், அந்த எஞ்சின் மோதி இறந்து போனார். அது முன்கூட்டியே அறிவித்து நடந்த ஓட்டம். சுற்றிலும் கூட்டம் இருந்தது. எல்லோருடைய கண்ணும் எஞ்சின் மேல்தான் இருந்தது. அங்கேயே இப்படி என்றால், யாரும் அறிவிக்காத சரக்கு ரயிலைத் தேடி, "இன்னும் நாலு நிமிடம்" என்று திரையில் பார்த்து விட்டுக் காரை நிறுத்தி ஓடி வருபவரை நினைத்துப் பாருங்கள். ஊகித்து வருபவர் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து காத்திருப்பார். காத்திருப்பவர் நல்ல இடமாகப் பார்த்து நிற்பார். தகவல் தாமதமாக வருவதைக் குறை என்கிறார்கள். எனக்கு அது வேலி மாதிரி தெரிகிறது.

யூனியன் பசிபிக் தன் பிக் பாய் 4014 நீராவி எஞ்சின் ஓடும்போது இருக்குமிடத்தை மேப்பில் காட்டுகிறதே என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் அது ஊர்வலம். எந்த ஊரில் எத்தனை மணிக்கு நிற்கும் என்று அட்டவணை போட்டு, ஆட்களை நிறுத்தி நடத்துகிறார்கள். சரக்கு ரயில் ஒரு வேலை. அதற்குள்ளே டிரைவரும் கண்டக்டரும் உட்கார்ந்திருக்கிறார்கள். (அங்கே சரக்கு ரயிலிலும் கண்டக்டர் என்றுதான் பெயர், டிக்கெட் கிழிப்பவர் அல்ல.) எஞ்சின் எங்கே என்று காட்டினால் அவர்கள் எங்கே என்றும் காட்டியதாகி விடும். வேகனில் குளோரின் இருக்கலாம், எரிவாயு இருக்கலாம். உங்கள் ஆபீஸ் வண்டி எந்தச் சந்தில் நிற்கிறது என்று முன்பின் தெரியாதவர்கள் நிமிடத்துக்கு நிமிடம் பார்க்க நீங்கள் சம்மதிப்பீர்களா?

எதிர்க்கட்சிக்கு ஒரு நியாயம் உண்டு, மறைக்க வேண்டாம். ஊகம் தப்பினால் அலைச்சல்தான். விடுமுறை நாளில் பிள்ளைகளைக் கூட்டிக் கொண்டு போய் ஏமாந்து திரும்பும் அப்பாவின் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த ஏமாற்றத்தைப் பெரும்பாலும் உண்டாக்குவது தகவல் இல்லாமை அல்ல, அரைகுறைத் தகவல். "8102 பார்த்தேன், சூப்பர்!" என்று ஒருவர் எழுதினால் அதை வைத்து என்ன செய்வது?

போன வருடம் ஒரு விடுமுறையில், பல இடங்களில் படித்த இப்படிப்பட்ட தகவல்களை எக்செலில் ஒரு டேபிளாகப் போட்டுப் பார்த்தேன். எஞ்சின் கிளம்புவதற்கு முன்பே அடுத்த ஊருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது! அரை நாள் மண்டையை உடைத்துக் கொண்ட பிறகு காரணம் தெரிந்தது. ஒருவர் கிழக்கு நேரத்தில் எழுதியிருக்கிறார், மற்றவர் மத்திய நேரத்தில். இரண்டுக்கும் ஒரு மணி வித்தியாசம். இன்னொரு வரியில் எஞ்சின் நான்கு மாதம் பின்னால் போயிருந்தது. அமெரிக்கர்கள் மாதத்தை முதலில் எழுதுவார்கள். 7/3/2012 என்றால் அவர்களுக்கு ஜூலை 3. இந்தியத் தேதி முறை வைத்திருக்கும் என் கம்ப்யூட்டருக்கு அது மார்ச் 7. டைப் செய்த உடனே எக்செல் அதைத் தேதியாக மாற்றிக் கொண்டு விட்டது, ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீங்களும் வீட்டுக் கணக்கு போடும்போது இதில் மாட்டுவீர்கள்; மாதத்தை எழுத்தில் எழுதினால் தப்பிக்கலாம்.

அதற்குப் பிறகு எஞ்சின் எண், இடம், எந்தத் திசை, எத்தனையாவது எஞ்சின், எந்த நேர மண்டலத்தில் எத்தனை மணி, இந்த ஐந்தும் இல்லாத தகவலை என் டேபிளில் சேர்ப்பதில்லை. வரிகள் பாதியாகக் குறைந்தன. ஊகம் நன்றாகத் தேறியது. சர்வரைத் திறந்து விடச் சொல்லிக் கேட்பவர்கள் முதலில் இந்த ஐந்தையும் ஒழுங்காக எழுதட்டும். எழுதிய பிறகும் எஞ்சின் அந்த இடத்தைத் தாண்டிப் போகும்வரை பொறுத்து அனுப்பட்டும்.

தண்டவாளம் பக்கமே போகாமல் பார்க்கவும் வழி இருக்கிறது. இல்லினாய் மாநிலத்தின் ரோஷெல் ஊரில் யூனியன் பசிபிக், பி.என்.எஸ்.எப். என்ற இரண்டு கம்பெனிகளின் பாதைகள் ஒன்றை ஒன்று வெட்டிக் கொள்கின்றன. பக்கத்திலேயே ரசிகர்களுக்கென்று ஒரு பூங்கா. அங்கே வைத்திருக்கும் கேமராவை இன்டர்நெட்டில் பார்க்கலாம். பிராட்பேண்ட் இருந்தால் போதும். கடன் கணக்கில் வந்த வேறு கம்பெனி எஞ்சின்களும் அந்த வழியாகப் போகும். கோடைக் காலத்தில் நமக்கு இரவு 10 மணி என்றால் அங்கே காலை 11.30, வெளிச்சம் நன்றாக இருக்கும். மூன்றாவது எஞ்சினையும் பாருங்கள்.