பிறக்க முதல் ஒண்டும் தைக்கக்கூடாதாம்

என்ர அக்கா முழுகாமல் இருக்கிறா. இது எட்டாம் மாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்ற வழக்கப்படி இரண்டு கிழமைக்கு முதல் எங்கட வீட்டுக்கு வந்துவிட்டா. எனக்கும் கம்பஸில் சோதனைக்கு முந்திய லீவு. அதனால், ஒரு குழந்தைக்காகக் காத்திருக்கிற வீடு எப்படி இருக்கும் என்பதை முதல்முறையாகக் கிட்ட இருந்து பார்க்கிறேன்.

பெரும்பாலும் அது குசினிதான். காலையில் முருங்கையிலை வறை. கிளினிக்கில் தந்த திரிபோஷாவைக் கரைத்துக் குடிக்க அக்காவுக்குப் பிடிக்காது. அதனால் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு உருண்டை பிடிப்போம். அதில் பாதி எனக்கும் அப்பாவுக்கும் போகுது என்பது எங்கட மருத்துவமாதுவுக்குத் தெரியாமல் இருப்பது நல்லது. பின்னேரம் அம்மா சரக்கு வறுப்பா. கொத்தமல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு எல்லாம் தனித்தனியாக வறுத்து, இடித்து, அரித்துப் போத்தலில் போடுவா. பிள்ளை பிறந்த பிறகு அக்காவுக்குப் பத்தியக்கறி வைக்க அந்தத் தூள் வேணும்.

இதெல்லாம் எல்லாருக்கும் தெரிய நடக்கிற வேலை. களவாக நடக்கிற வேலை ஒன்றும் இருந்தது.

அக்கா தைத்துக்கொண்டிருந்தா. அப்பப்பாவின் பழைய வேட்டி இரண்டு, தோய்த்துத் தோய்த்துப் பஞ்சு மாதிரி ஆனது. அதை வெட்டி, முன்பக்கம் திறக்கிற சின்னச் சட்டைகள். பட்டன் குத்தும் என்று நாடா வைத்து. மெசினில் தைத்தால் சத்தம் கேட்கும் என்று எல்லாம் கையால். ஊசியும் நூலும் தலையணை உறைக்குள். அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டால் நான் இருமவேண்டும். அதுதான் என் உத்தியோகம்.

ஏன் இந்த ஒளிப்பு? எங்கட பக்கத்து ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பிறக்க முதல் பிள்ளைக்கு ஒண்டும் வேண்டக்கூடாது, தைக்கக்கூடாது. பிறந்த பிறகு ஆரும் சொந்தக்காரப் பிள்ளை போட்ட பழைய உடுப்பைக் கொண்டுவந்து போடுவினம். புதுசு பிறகுதான். "ஏன்?" என்று கேட்டால், "அது அப்பிடித்தான் பிள்ளை" என்பதற்குமேல் பதில் வராது.

எனக்கு இது கொதியைக் கிளப்பியது. பிரசவத்துக்கு வரேக்க என்னென்ன கொண்டுவரவேணும் என்று ஆஸ்பத்திரியிலேயே ஒரு பட்டியல் சொல்லிவிடுகிறார்கள். அதில் பிள்ளையின் உடுப்பும் இருக்கு, துணிகளும் இருக்கு. பையைக் கடைசி மாதத்துக்கு முதலே அடுக்கி வையுங்கோ என்று மருத்துவமாது வீட்டுக்கு வந்தும் சொல்லிவிட்டுப் போனா. அம்மா தலையாட்டிவிட்டு, அக்காவின் சாமான்களை மட்டும் அடுக்கினா. பிள்ளையின் பக்கம் வெறுமையாகக் கிடந்தது.

நான் வாசித்ததை வைத்து ஒரு விளக்கம் வைத்திருந்தேன். 1945இல் இலங்கையில் உயிரோடு பிறந்த ஒவ்வொரு ஆயிரம் குழந்தைகளிலும் 140 அளவில் ஒரு வயதுக்கு முன்னரே இறந்தன. ஏழில் ஒன்று. அப்படியொரு காலத்தில், தைத்த சட்டையைத் திரும்ப மடித்து வைக்கிற கொடுமை ஒரு தாய்க்கு வரக்கூடாது என்று யாரோ இரக்கத்தோடு வைத்த விதியாக இது இருக்கலாம். பிறகு இலவச வைத்தியம் வந்தது, கிளினிக்குகள் கூடின, மருத்துவமாதுகள் வீடுவீடாகப் போனார்கள். இன்றைக்கு அந்த எண்ணிக்கை ஆயிரத்துக்குப் பத்துக்கும் குறைவு. காரணம் போய்விட்டது, விதி மட்டும் நிற்கிறது. இதுதான் என் வாதம். கட்டுரையாக எழுதினால் நல்ல புள்ளி கிடைத்திருக்கும்.

போன கிழமை நான் இரும மறந்துவிட்டேன்.

அம்மா அறைக்குள் வந்து, கட்டிலில் கிடந்த சட்டையைக் கண்டா. பேசுவா என்று நினைத்தோம். பேசவில்லை. சட்டையை எடுத்து உள்ளங்கையில் விரித்துப் பார்த்துக்கொண்டே நின்றா. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் 1945ஐத் தொடங்கினேன். அம்மா கேட்டுவிட்டுச் சொன்னா:

"எனக்கு நாப்பத்தைஞ்சு தெரியாது பிள்ளை. தொண்ணூத்தைஞ்சு தெரியும்."

1995 ஒக்டோபர் 30. வலிகாமத்துச் சனம் முழுக்க ஒரே இரவில் வெளிக்கிட்ட நாள். நாவற்குழிப் பாலத்தைக் கடக்க, மழைக்குள் மணித்தியாலக் கணக்கில் அங்குலம் அங்குலமாக நகர்ந்த கதையை எங்கட வீடுகளில் எல்லாரும் சொல்லுவினம். அம்மாவும் சொல்லியிருக்கிறா. ஆனால் அப்போது தான் நிறைமாதம் என்பதை ஒருநாளும் சொன்னதில்லை. தோளில் கிடந்த பையில் மூன்று சட்டைகள் இருந்ததாம். அப்பாவின் வேட்டியில் தைத்தது. பிள்ளை சாவகச்சேரியில் பிறந்தது. ஆம்பிளைப் பிள்ளை. நாலு நாள் இருந்தானாம்.

"ஒரு சட்டை அவனோட போச்சு. மற்ற ரெண்டும் திரும்பி வரேக்க எங்கயோ துலைஞ்சிட்டுது."

அக்கா 1997இல் பிறந்தவ. வீட்டில் மூத்தபிள்ளை என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தவ. எனக்கு ஒரு அண்ணா இருந்திருக்கிறான் என்பதை இருபத்திரண்டு வயதில், ஒரு சட்டையைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

கனநேரத்துக்குப் பிறகு அக்காதான் கேட்டா. "தைக்காமல் இருந்திருந்தா கவலை குறைஞ்சிருக்குமோ அம்மா?"

"குறைஞ்சிருக்காது. ஆனா துலைக்கிறதுக்கு ஒண்டும் இருந்திருக்காது."

இதற்குப் பிறகு என் வாதத்தை அப்படியே வைத்திருக்க முடியவில்லை. முழுதாகக் கைவிடவும் இல்லை.

ஒன்றைக் கவனியுங்கள். அம்மா ஆயத்தம் செய்யாமல் இருக்கவில்லை. சரக்கு வறுத்துப் போத்தலில் போட்டாச்சு. வெந்நீருக்குப் பெரிய பானை விளக்கி வைச்சாச்சு. பத்தியத்துக்கு எந்த மீன் ஆகும், எது ஆகாது என்று பட்டியல் போட்டாச்சு. எல்லாம் அக்காவுக்காக. தாய்க்கு ஆயத்தம் செய்யலாம், பிள்ளைக்குச் செய்யக்கூடாது. அதாவது தடை வேலைக்கு இல்லை. வரப்போகிற பிள்ளைக்கு ஒரு அளவும் உருவமும் கொடுப்பதற்குத்தான். சட்டை தைத்தால் அதற்குக் கை எவ்வளவு, கழுத்து எவ்வளவு என்று நினைக்கவேண்டி வருகிறது. நினைத்த பிறகு அது வெறும் வயிறு இல்லை, ஒரு ஆள்.

இங்கேதான் எனக்கு இந்த விதியோடு பிரச்சினை. உருவம் கொடுக்காத பிள்ளையை இழந்தால், அதைப்பற்றிக் கதைக்கவும் தேவையில்லை என்று ஆகிவிடுகிறது. சட்டை இல்லை, பெயர் இல்லை, ஆகவே அழவும் காரணம் இல்லை. "அடுத்தது நல்லபடியா வரும்" என்று சொல்லிவிட்டுச் சனம் போய்விடும். அப்படியானால் இந்த விதி தாயைக் காப்பாற்றுகிறதா, அல்லது அவளோடு இருந்து அழவேண்டிய கடமையிலிருந்து எங்களைக் காப்பாற்றுகிறதா? அம்மா 1995இலிருந்து தனியத்தான் அழுதிருக்கிறா. அப்பாவுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியாது. எங்களுக்குக் கிடைத்தது அந்தக் கவலையின் கோது மட்டும்: "தைக்கக்கூடாது."

எல்லாரும் தைக்கவேணும் என்று நான் சொல்லவரவில்லை. பிறந்த பிறகுதான் எல்லாம் என்று இருப்பவர்கள் அப்படியே இருக்கட்டும். பயம் மனிதருக்கு வரும். ஒரு முறை இழந்தவர்களுக்குக் கூடவே வரும். மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டுப் போவது என்னைப்போல கம்பஸ் பிள்ளைகளுக்கு லேசு. நானும் அதைத்தான் செய்தேன். கேள்வி கேட்டது பிழையில்லை. பதிலையும் நானே கையோடு கொண்டுபோனதுதான் பிழை.

ஆனால் அம்மாமாரிடம், அம்மம்மாமாரிடம் ஒன்று கேட்கவேண்டும். செய்யாதே என்று சொல்லும்போது ஏன் என்பதையும் சொல்லுங்கோ. காரணம் தெரியாத விதியை நாங்கள் ஒன்றில் ஒளித்து மீறுவோம், இல்லாவிட்டால் பயந்து பின்பற்றுவோம். இரண்டிலும் நீங்கள் பட்டது எங்களுக்குத் தெரியாமல் போய்விடும். காரணம் தெரிந்தால், மீறினாலும் உங்களையும் சேர்த்து வைத்துக்கொண்டு மீறலாம்.

அன்றைக்கு இரவு அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து அக்காவுக்குப் பக்கத்தில் இருந்தா. சட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கழுத்து மடிப்பு தடிப்பாக் கிடக்கு, பிள்ளைக்கு உரசும்" என்று சொல்லி, தையலைப் பிரித்துத் திரும்பத் தைத்தா. கை கொஞ்சம் நடுங்கியது. ஆனால் தையல் அக்காவினதைவிட நேராக இருந்தது.

இப்போது அஞ்சு சட்டை இருக்கு. பையில் பிள்ளையின் பக்கமும் நிரம்பிவிட்டது. மேலே, சித்தியின் மகன் போட்ட பழைய சட்டையொன்று. முதலில் அதைத்தான் போடவேணும் என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டா. அக்கா ஓம் என்றுவிட்டா. இதை எழுதும்வரை பிள்ளை பிறக்கவில்லை. எல்லாருக்கும் பயமாகத்தான் இருக்கு. ஆனால் இப்போது ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு பயப்படுகிறோம்.