மூன்று முறை தோற்ற பாரிஸ்டர்

பாங்க்ஹர்ஸ்ட் என்றவுடன் நேயர்களின் நினைவுக்கு வருபவர் எம்மலின் அம்மையார்தான். ஸ்திரீகளுக்கு வோட்டுரிமை கேட்டுச் சிறை புகுந்து, உண்ணாவிரதம் இருந்து, இங்கிலாந்தையே கலக்கிய வீராங்கனை அவர். ஆனால் அவருடைய கணவரை யார் நினைக்கிறார்கள்? டாக்டர் ரிச்சர்டு பாங்க்ஹர்ஸ்ட் மான்செஸ்டர் நகரத்து பாரிஸ்டர். பார்லிமெண்டுக்கு மூன்று தடவை நின்றார்; மூன்று தடவையும் தோற்றார்.

முதலில் 1868-ஆம் வருஷத்து வழக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். மான்செஸ்டரில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட ஸ்திரீகள் தங்கள் பெயர்களையும் வாக்காளர் ஜாபிதாவில் சேர்க்க வேண்டுமென்று கேட்டார்கள். அதற்கு முந்திய வருஷத்துச் சட்டம் வோட்டுரிமையை ஆண்பாற் சொல்லால் வழங்கியிருந்தது. ஆனால் சட்டங்களில் ஆண்பால் பெண்பாலையும் குறிக்கும் என்று பார்லிமெண்டே 1850-ல் விதித்திருந்ததே! இந்த நியாயத்தை ஜான் கோல்ரிட்ஜுடன் சேர்ந்து பாங்க்ஹர்ஸ்ட் எடுத்து வாதாடினார். நீதிபதிகள் ஒப்பவில்லை. வரி கட்டும்போது 'அவன்' என்றால் அவளும் அடக்கம். வோட்டுச் சாவடியில் மட்டும் 'அவன்' அவனேதான். இப்படி இடத்துக்கு ஓர் இலக்கணத்தை நம் ஊர்ப் புலவர்கள்கூட அனுமதிக்க மாட்டார்கள்.

கோர்ட்டில் கிடைக்காததைச் சட்டமாகவே கொண்டுவர எண்ணி, அவர் ஒரு மசோதாவை எழுதிக் கொடுத்தார். 1870-ல் ஜேக்கப் பிரைட் அதைக் காமன்ஸ் சபையில் கொண்டுவந்தார். இரண்டாம் வாசிப்பில் 124 பேர் ஆதரித்தார்கள். 91 பேர் எதிர்த்தார்கள். பிறகு பிரதம மந்திரி கிளாட்ஸ்டன் எதிர்க்கவே, மசோதா மடிந்தது. மணமான பெண்ணின் சொத்து அவளுக்கே உரியது என்பதற்காகவும் அவர் மசோதா வரைந்தார். அந்த நியாயம் மட்டும் 1882-ல் சட்டமாயிற்று.

மறு வருஷம் மான்செஸ்டர் உபதேர்தலில் சுயேச்சையாக நின்றார். கூலிக்கு ஆள் வைத்து வோட்டுக் கேட்பதில்லை என்பது அவருடைய விரதம். எதிரிக்கு 18,188 வோட்டு, இவருக்கு 6,216. 1885-ல் லண்டனில் ராதர்ஹித் தொகுதி. அங்கே 'நாஸ்திகர்' என்று கிளப்பிவிட்டார்கள். அவதூறு வழக்குத் தொடுத்தார், அதிலும் தோல்வி. 1895-ல் தொழிலாளர் பக்கம் சேர்ந்து கார்ட்டன் தொகுதியில் நின்றார். அதுவும் போயிற்று. இவருடைய அரசியலைக் கண்டு கட்சிக்காரர்கள் விலகிப் போனதால் வருமானமும் குறைந்தது. ஆயினும் லண்டனில் இருந்த நாட்களில் அவர் வீட்டுக் கதவு மூடியதில்லை. நம் தாதாபாய் நௌரோஜியும் அன்னி பெஸன்ட் அம்மையாரும் அங்கே வந்து போனவர்கள்தாம்.

1898 ஜூலையில் வயிற்றுப் புண் முற்றிப் படுக்கையில் விழுந்தார். எம்மலின் அப்போது மூத்த மகளுடன் ஜினீவாவில் இருந்தார். தந்தி கண்டு பதறித் திரும்பினார். ரயிலில் மற்றொரு பிரயாணியின் கையிலிருந்த பத்திரிகையில் தம் கணவரின் மரணச் செய்தியைக் கண்டார். வீட்டில் தந்தையின் அருகே இருந்தவள் பதினாறு வயது ஸில்வியா.

தட்டுமுட்டுச் சாமான்களை விற்றுவிட்டு, ஜனன மரணப் பதிவு உத்தியோகத்தில் அமர்ந்து எம்மலின் குழந்தைகளைக் காப்பாற்றினார். தொழிலாளர் கட்சியார் பாங்க்ஹர்ஸ்டின் பெயரால் ஸால்போர்டில் ஒரு மண்டபம் எழுப்பினார்கள். அதன் சுவர்களுக்குச் சித்திர வேலை செய்தவளும் ஸில்வியாதான். வேலை முடிகிற சமயத்தில் ஒரு செய்தி தெரிந்தது: அந்த மண்டபத்தில் கூடும் கிளைச் சங்கத்தில் ஸ்திரீகளைச் சேர்ப்பதில்லையாம்!

1903 அக்டோபரில் எம்மலின் சில பெண்களைத் தம் வீட்டுக்கு அழைத்தார். ஸ்திரீகளுக்கென்றே ஒரு தனிச் சங்கம் அன்று பிறந்தது.