ஒகீச்சோபி ஏரி: மதகுகளுக்குப் பின்னால் ஒரு கணக்கு

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் உள்ள ஒகீச்சோபி ஏரிக்கு ஓராண்டில் வந்து சேரும் பாஸ்பரஸ் 140 டன்னைத் தாண்டக்கூடாது என்று அம்மாநில அரசு 2001ஆம் ஆண்டில் வரையறுத்தது. 2015 ஜனவரிக்குள் எட்டியிருக்க வேண்டிய அந்த இலக்கு எட்டப்படவில்லை. 2016இலும் 2018இலும் ஏரி நீர் திறந்துவிடப்பட்டதை அடுத்து நச்சுப்பாசி பரவியதால், கரையோர மாவட்டங்களில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. மீன்பிடித் தொழிலும் சுற்றுலாவும் பாதிக்கப்பட்டன.

பாசி பெருகியதற்குப் பொறுப்பு யாருடையது என்ற சர்ச்சையில் எல்லாத் தரப்பினரும் மேற்கோள் காட்டுவது "ஊட்டச்சத்துச் சுமை" என்ற எண்ணைத்தான். நீரில் உள்ள பாஸ்பரஸின் செறிவை ஓடிய நீரின் அளவால் பெருக்கினால் அது கிடைக்கும். லிட்டருக்கு 150 மைக்ரோகிராம் செறிவுள்ள நீர் வினாடிக்கு 100 கன மீட்டர் வீதம் ஓடினால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.3 டன் பாஸ்பரஸ் கடந்து செல்லும்.

இயற்கையாக ஓடும் ஆற்றில் வெள்ளத்துக்கும் செறிவுக்கும் ஓரளவு தொடர்பு உண்டு. ஆகவே சில மாதிரிகளைக் கொண்டே மற்ற நாட்களின் சுமையை மதிப்பிடலாம். மதகுகள் உள்ள ஆற்றிலோ ஓட்டத்தைத் தீர்மானிப்பது மழை மட்டுமல்ல, மதகைத் திறப்பவர்களின் உத்தரவும்தான். மூடிய மதகின் முன் தேங்கிய நீரில் எடுத்த மாதிரி, அன்று எந்தச் சுமையும் கடந்து செல்லவில்லை என்பதை மறைத்துவிடும். மாதம் ஒருமுறை மட்டும் மாதிரி எடுப்பவர், சில நாட்களே நீடிக்கும் பெருந்திறப்பைத் தவறவிடக்கூடும். இதனால்தான் கடிகாரப்படி அல்லாமல், குறிப்பிட்ட அளவு நீர் கடந்ததும் மாதிரி எடுக்கும் தானியங்கிக் கருவிகள் விரும்பப்படுகின்றன.

ஏரியிலிருந்து மேற்கே செல்லும் கலூசஹாச்சி ஆற்றில் இச்சிக்கல் கூர்மையாகத் தெரிகிறது. ஏரியோரத்து மூர் ஹேவன் மதகில் அளக்கப்படுவது ஏரியின் பங்கு. கழிமுகத்தருகே உள்ள பிராங்க்ளின் மதகில் அளக்கப்படுவது மொத்தச் சுமை. இவற்றின் வித்தியாசமே இடைப்பட்ட பண்ணைகளும் ஊர்களும் சேர்த்ததாகக் கருதப்படுகிறது. மதகு திறந்திருக்கும் உயரத்தையும் இருபுற நீர்மட்டங்களையும் கொண்டு ஓட்டத்தைக் கணக்கிடும்போது, மட்டங்களின் வேறுபாடு குறையக் குறையப் பிழை பெருகும். இரு அளவீடுகளின் பிழைகளும் அந்த வித்தியாசத்தில் வந்து சேர்கின்றன. விவசாயிகளும் கரையோர மக்களும் ஒரே அளவீட்டிலிருந்து எதிரெதிர் முடிவுகளுக்கு வர இதுவே இடமளிக்கிறது.

வறண்ட ஆண்டில் சுமை குறைந்ததைத் திட்டத்தின் வெற்றியாகக் காட்டுவது ஏற்கத்தக்கதல்ல. 140 டன் இலக்கு ஐந்தாண்டுச் சராசரியாக வகுக்கப்பட்டதற்கு இத்தகைய ஏற்ற இறக்கமே காரணம்.