வீட்டுக்குள் ஒரு விண்வெளி ராஜ்யம்!

மயிலாப்பூரில் பள்ளி விடுமுறை என்றால், முன்பு பல்லாங்குழியும் தாயக்கட்டமும் வெளியே வரும். இன்று பல வீடுகளில் கம்ப்யூட்டர் முன்னால்தான் பிள்ளைகள் உட்காருகிறார்கள்.

கம்ப்யூட்டர் விளையாட்டு என்றால், துப்பாக்கிச் சத்தம்தான் பெற்றோருக்கு நினைவு வரும். எல்லாம் அப்படி அல்ல. மூளைக்கு வேலை கொடுக்கும் விளையாட்டும் உண்டு. அதில் ஒன்று, "ஸ்டெல்லாரிஸ்".

சுவீடன் நாட்டின் பாரடாக்ஸ் கம்பெனி இதைத் தயாரித்தது. 2016-ம் ஆண்டு மே மாதம் வெளிவந்தது.

என்ன விளையாட்டு?

கதை, கி.பி. 2200-ல் தொடங்குகிறது. ஆடுபவர் ஒரு கிரகத்துக்கு அரசர். அவரிடம் சில கப்பல்கள் இருக்கும். விண்வெளியில் போகும் கப்பல்கள்!

ஆயிரம் நட்சத்திரம் வரை வைத்து ஆடலாம். போகும் வழியில் வேறு கிரகத்து மக்கள் எதிர்ப்படுவார்கள். அவர்களோடு நட்பா? வியாபாரமா? சண்டையா? அரசர்தான் முடிவு செய்ய வேண்டும்.

நல்லது என்ன?

வரவு செலவுக் கணக்கு இதில் முக்கியம். கப்பல் கட்டினால் மட்டும் போதாது. மாதாமாதம் அதற்குச் செலவு உண்டு. வரவை மீறிக் கப்பல் கட்டினால், ராஜ்யம் தள்ளாடும். தி.நகரில் தீபாவளிக்குத் துணி எடுக்கும் தாய்மார்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். பிள்ளைகளும் தெரிந்துகொள்ளட்டுமே!

தனியாக ஆடும்போது, ஆட்டத்தை நிறுத்திவைத்து யோசிக்கலாம். கை வேகம் தேவை இல்லை. நிதானம்தான் தேவை.

குறை என்ன?

முதல் குறை, நேரம். ஒரு ஆட்டம் முடிய பல நாள் ஆகலாம். தொடக்கத்தில் தினம் ஒரு அதிசயம் வரும். நடுவில் காத்திருப்பதே வேலையாகிவிடும். ராஜ்யம் பெருகப் பெருக, கம்ப்யூட்டரின் கணக்கும் பெருகும். கடைசியில் ஆட்டம் ஆமை போல நகரும்.

இரண்டாவது, பணம். ஒரு முறை வாங்கினால் முடிந்துவிடாது. 2017-ல் "யுடோபியா", 2018-ல் "அபோகலிப்ஸ்", 2020-ல் "பெடரேஷன்ஸ்" என்று புதுப்புதுப் பகுதிகள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் தனி விலை. சட்டையை விற்றுவிட்டு, பொத்தானுக்குத் தனியாகக் காசு கேட்பது போல!

மூன்றாவது, தமிழில் இது இல்லை. படிக்க வேண்டியதோ ஏராளம். ஆங்கிலம் தடுமாறும் பிள்ளை பாதியில் விட்டுவிடும்.

பெரிய குறை

இவற்றை எல்லாம் விடப் பெரிய குறை ஒன்று உண்டு.

தோற்ற மக்களை இதில் அடிமை ஆக்கலாம். ஓர் இனத்தையே பூண்டோடு ஒழிக்கலாம். மற்ற அரசுகள் வெறுக்கும். ஆனாலும், பலம் உள்ளவன் ஜெயித்துவிடலாம். திரையில் அழுகுரல் கேட்காது. ஓர் எண் குறையும். அவ்வளவுதான்!

"விளையாட்டுதானே? சதுரங்கத்திலும் காய்களை வெட்டுகிறோமே" என்று சிலர் கேட்கலாம்.

சதுரங்கக் காய் சாப்பிடாது. அதற்கு வீடு இல்லை. இந்த விளையாட்டிலோ மக்களுக்கு உணவு உண்டு, வீடு உண்டு, மகிழ்ச்சிக்குக் கூடக் கணக்கு உண்டு. அப்படிப்பட்டவர்களை ஒழிப்பதும் லாபம் என்று பிஞ்சு மனத்தில் பதியலாமா? கூடாது.

பெற்றோர் செய்ய வேண்டியது

அதற்காக, விளையாட்டைப் பிடுங்கி எறிய வேண்டாம். அருகில் உட்காருங்கள்.

சென்னையில் வளர்ந்த விசுவநாதன் ஆனந்த், 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அவருக்குச் சதுரங்கம் சொல்லிக் கொடுத்தவர் அவருடைய தாய்!

நேரத்துக்கு ஓர் அளவு வையுங்கள். புதுப் பகுதி எல்லாவற்றையும் வாங்காதீர்கள். "இன்று ஜெயித்தாயா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "தோற்றவர்களை என்ன செய்தாய்?" என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால், பிள்ளை யோசிக்கிறது என்று பொருள்.

அடையாறு பக்கம், கோட்டூர்புரத்தில் பிர்லா கோளரங்கம் இருக்கிறது. ஒரு நாள் அங்கேயும் அழைத்துப் போங்கள். பிடித்து ஆள நினைத்த நட்சத்திரங்களை, பிள்ளை அண்ணாந்து பார்த்து வியக்கட்டும்!